கியூஓ-100: பீக்கன் மெலிசாகத்தான் கேட்கிறது, அனுப்பும் சிக்னல் திரும்பி வரவில்லை

வைகைக்கரை (மதுரை):

வணக்கம். மொட்டைமாடியில், அமெச்சூர் ரேடியோக்காரர்கள் பேசப் பயன்படுத்தும் கியூஓ-100 செயற்கைக்கோளுக்காக அமைத்திருப்பது இது: 75 செ.மீ ஆஃப்செட் டிஷ், 22 மி.மீ செம்புக் குழாயோடு கூடிய 2.4 கிகாஹெர்ட்ஸ் பாட்ச் ஃபீட் (டிஷ்ஷுக்கு முன்னால் நிற்கும் தகட்டு ஆண்டெனா), குழாயின் பின்முனையில் 9.75/10.6 என்று போட்ட பி.எல்.எல் எல்.என்.பி (வரும் சிக்னலைப் பெருக்கி, அதிர்வெண்ணைக் குறைத்துக் கீழே தரும் பெட்டி). கனெக்டர் நேராகக் கீழே பார்க்கிறது. பயாஸ் டீ (சிக்னல் கேபிளிலேயே மின்சாரம் ஏற்றும் இணைப்பு) வழியாக எல்.என்.பி-க்கு 13 வோல்ட் போகிறது. கீழே அறையில் கேட்பதற்கு ஆர்.டி.எல் டாங்கிள் (கணினியில் செருகும் ரிசீவர்). அனுப்ப புளூட்டோ எஸ்.டி.ஆர் (மென்பொருளால் இயங்கும் ரேடியோ), அங்கிருந்து 10 மீட்டர் ஆர்.ஜி-58 கேபிள் மேலே போய், மாடியில் இருக்கும் '8 வாட்' வைஃபை பூஸ்டரில் சேர்கிறது.

நடு பீக்கன் (செயற்கைக்கோளிலிருந்து இடைவிடாமல் வரும் அடையாளச் சிக்னல்) இரைச்சலுக்கு மேல் லேசாகத் தலைகாட்டுகிறது, அவ்வளவுதான். எஸ்.எஸ்.பி (ஒற்றைப் பக்கப்பட்டை) முறையில் பேசினால் எதுவும் திரும்பக் கேட்கவில்லை. 1.2 மீட்டர் டிஷ் வாங்கினால் சரியாகுமா?

பரங்கிமலை (சென்னை):

டிஷ்ஷில் பணம் போடாதீர்கள் நண்பரே. 75 செ.மீ தாராளம். உங்கள் சிக்கல் எல்.என்.பி-யின் சாய்வில் இருக்கிறது.

செயற்கைக்கோள் இருப்பது கிழக்கு 25.9 பாகையில். மதுரையிலிருந்து பார்த்தால் திசை சுமார் 262 பாகை, ஏற்றக்கோணம் 29.5 பாகை. இவ்வளவு மேற்கே இருப்பதால் அது 'செங்குத்து' என்று அனுப்பும் அலை நமக்கு 77 பாகை சாய்ந்து, ஏறக்குறையப் படுக்கையாக வந்து சேர்கிறது. ஐரோப்பியர்கள் எழுதிய குறிப்புகளில் சாய்வு சிறிய திருத்தமாகத்தான் வரும். அதை அப்படியே இங்கே பின்பற்றினால் மாட்டிக்கொள்வோம். நீங்கள் 13 வோல்ட் கொடுத்து (அதில் செங்குத்து முனைதான் வேலை செய்யும்) எல்.என்.பி-யை நிமிர்த்தி வைத்திருப்பதால் சுமார் 13 டெசிபல் போய்விடுகிறது. இந்த இழப்பை எந்த டிஷ்ஷும் ஈடுகட்டாது.

இரண்டு வழி உண்டு. டிஷ்ஷுக்குப் பின்னால் நின்று செயற்கைக்கோளைப் பார்த்தபடி, எல்.என்.பி-யைக் கடிகாரச் சுற்றில் 77 பாகை திருப்பலாம். அல்லது 18 வோல்ட் கொடுங்கள். அப்போது எல்.என்.பி-யின் படுக்கை முனை வேலை செய்யும். திருப்பாமலே இழப்பு 0.2 டெசிபல்தான். பிறகு எதிர்ச்சுற்றில் 13 பாகை நகர்த்தினால் அதுவும் தீர்ந்தது. சென்னைக்கு இந்தச் சாய்வு 74, கொழும்புக்கு 81. அதனால் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் 18 வோல்ட்தான் சுலபம் என்பது என் கருத்து. கேபிள் இழப்பு போக எல்.என்.பி முனையில் 16 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள், குறைந்தால் தானாகச் செங்குத்துக்கு மாறிவிடும். டாங்கிளுக்குள்ளேயே இருக்கும் பயாஸ் டீ 4.5 வோல்ட்தான் தரும், அது இதற்கு உதவாது.

டிஷ் சரியாகப் பார்க்கிறதா என்பதற்கு எஸ் மீட்டரை (சிக்னல் அளவு காட்டி) நம்ப வேண்டாம். அலைப்பட்டையை 739.3 முதல் 740.2 மெகாஹெர்ட்ஸ் வரை விரித்து வையுங்கள். டிரான்ஸ்பாண்டரின் (செயற்கைக்கோளில் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி) சொந்த இரைச்சலே நடுவில் மேடுபோல எழுந்து நிற்க வேண்டும். டிஷ்ஷை மூன்று நான்கு பாகை ஒதுக்கினால் அந்த மேடு மறைய வேண்டும். மேடு தெரியும் டிஷ்ஷுக்கு அதற்கு மேல் பெரிதாக்கி லாபம் இல்லை.

ஒன்று சொல்ல மறந்தேன். டி.டி.எச் டிஷ் நம் ஊரில் ஏறக்குறைய தலைக்கு மேலே பார்க்கும். இது அப்படியல்ல. ஆஃப்செட் டிஷ்ஷில் 25 பாகை அளவு வடிவத்திலேயே அடங்கியிருப்பதால், 29.5 பாகைக்கு அதன் முகம் கிட்டத்தட்ட சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும். மேற்கே தென்னை, தண்ணீர்த் தொட்டி எதுவும் குறுக்கே வரக்கூடாது.

மின்காந்தன்:

அனுப்பும் பக்கத்துக்கு வருகிறேன். புளூட்டோ தருவது ஏறக்குறைய 1 மில்லிவாட். ஆர்.ஜி-58 இந்த அதிர்வெண்ணில் மீட்டருக்கு 1 டெசிபல் தின்னும். 10 மீட்டர் தாண்டி பூஸ்டருக்கு வருவது 0.1 மில்லிவாட். வைஃபை பூஸ்டர், உள்ளே வரும் சிக்னலை மோப்பம் பிடித்துத்தான் அனுப்பும் நிலைக்கு மாறும். இவ்வளவு குறைவாக வந்தால் அது கேட்கும் நிலையிலேயே கிடக்கும். அளவு கூடினாலும் எஸ்.எஸ்.பி-யில் சொல்லுக்குச் சொல் அணைந்து எழும், பேச்சு துண்டு துண்டாகப் போகும்.

செய்ய வேண்டியது: பூஸ்டரைத் திறந்து, அனுப்பு/கேள் மாற்றும் கட்டுப்பாட்டுக் கோட்டைக் கண்டுபிடித்து, அனுப்பும் நிலையிலேயே நிரந்தரமாகப் பிடித்து வையுங்கள். நாம் கேட்பது எல்.என்.பி வழியாக என்பதால் பூஸ்டரின் கேட்கும் பாதை நமக்குத் தேவையே இல்லை. அதற்கு முன்னால் 20 டெசிபல் டிரைவர் (முன்பெருக்கி) ஒன்று, புளூட்டோவுக்கும் டிரைவருக்கும் நடுவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பேண்ட்பாஸ் ஃபில்டர் ஒன்று. புளூட்டோவின் வெளியீட்டில் ஹார்மோனிக்ஸ் (மடங்கு அதிர்வெண்களில் கசியும் சிக்னல்) கணிசம், ஃபில்டர் இல்லாமல் பெருக்கக்கூடாது. டிரைவர், பூஸ்டர் இரண்டும் டிஷ்ஷின் கம்பத்திலேயே இருக்கட்டும். பூஸ்டரிலிருந்து ஃபீடுக்கு எல்.எம்.ஆர்-400 ஒரு மீட்டருக்குள் முடியட்டும். முடிந்தால் புளூட்டோவையும் மாடிக்குக் கொண்டுபோய் ஈதர்நெட் மட்டும் கீழே இறக்குங்கள், எல்லாவற்றையும் விட அது மேல்.

பெட்டியில் போட்டிருக்கும் 8 வாட் உச்ச நெருக்கடியில் கிடைக்கும் அளவு. எஸ்.எஸ்.பி-க்குச் சுத்தமாக 2, 3 வாட் எதிர்பாருங்கள். 75 செ.மீ டிஷ்ஷில் அது கேட்கும். 5 வாட் இருந்தால் நிம்மதி. சோதனையெல்லாம் 50 ஓம் டம்மி லோடில்தான் (ஆண்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் மின்தடை). லோடு இல்லாமல் ஒரு நொடி ஓட்டினாலும் கடைசி டிரான்சிஸ்டர் போகும்.

இன்னொன்று: வைஃபை சாமான்களில் வருவது ஆர்.பி-எஸ்.எம்.ஏ (நடுப்பின் பக்கம் மாறிய எஸ்.எம்.ஏ கனெக்டர்). சாதாரண எஸ்.எம்.ஏ-வோடு திருகினால் மரை பொருந்தும், ஆனால் நடுவில் பின்னோடு பின் மோதும், அல்லது இரண்டு பக்கமும் பின் இல்லாமல் அந்தரத்தில் நிற்கும். கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள்.

கடலோடி (கொழும்பு):

மேலே சொன்னதெல்லாம் செய்தும் சத்தம் வராவிட்டால் பாட்ச்சின் சுழல்திசையைப் பாருங்கள். செயற்கைக்கோளுக்கு வலச்சுழல் அலை போக வேண்டும். டிஷ்ஷில் பட்டுத் திரும்பும்போது சுழல் மாறிவிடும், ஆகவே ஃபீடிலிருந்து இடச்சுழல் புறப்பட வேண்டும். பாட்ச் தகட்டைப் புரட்டிப் பொருத்தினால் திசை தலைகீழாகி 20 டெசிபல் வரை இழப்பீர்கள்.

சோதிக்க இரண்டு ஹெலிக்ஸ் (சுருள்கம்பி ஆண்டெனா) சுற்றுங்கள், ஒன்று சாதாரணத் திருகாணி போல, மற்றது அதற்கு எதிராக. 40 மி.மீ விட்டம், சுற்றுக்குச் சுற்று 30 மி.மீ இடைவெளி, ஐந்து சுற்று, பின்னால் கையகலத் தகடு. ஃபீடை டிஷ்ஷிலிருந்து கழற்றி சில மில்லிவாட் கொடுத்து, 2 மீட்டர் தள்ளி நேர் எதிரே மாறி மாறிப் பிடியுங்கள். எதிர்த்திருகு ஹெலிக்ஸில்தான் கூடுதலாக வர வேண்டும், வித்தியாசம் 10 டெசிபலாவது தெரியும். அறைக்குள் வேண்டாம், சுவரில் பட்டு வருவது சுழல் மாறி வந்து குழப்பும்.

அனுப்பும் சிக்னல் எல்.என்.பி-யை மூழ்கடிக்குமோ என்ற பயம் வேண்டாம். 20 மி.மீ உள்விட்டக் குழாய் 8.8 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் கடத்தாது, 2.4 கிகாஹெர்ட்ஸ் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 15 டெசிபல் தேய்ந்துவிடும்.

வைகைக்கரை (மதுரை):

எல்லோருக்கும் நன்றி. 18 வோல்ட் கொடுத்ததுமே பீக்கன் எழுந்துவிட்டது, இரைச்சல் மேடும் தெரிகிறது. பூஸ்டரைப் பிரிக்கும் முன் ஒரு சந்தேகம்: பீக்கன் காலையில் ஓரிடம், மதியம் பல கிலோஹெர்ட்ஸ் தள்ளி வேறிடம். என் சிக்னலை எங்கே தேடுவது?

பரங்கிமலை (சென்னை):

எல்.என்.பி-க்குள் 25 மெகாஹெர்ட்ஸ் படிகம் 390 மடங்காகி 9750 ஆகிறது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலே 9.75 கிலோஹெர்ட்ஸ். வெயில் ஏறினால் ஓடத்தான் செய்யும். எஸ்.டி.ஆர் கன்சோல் மென்பொருளில் நடு பீக்கனை 10489.750 மெகாஹெர்ட்ஸில் பூட்டினால் போதும், எல்.என்.பி-யைத் திறக்க வேண்டாம். 70 செ.மீ அலைவரிசை (435 மெகாஹெர்ட்ஸ் அருகே) ரேடியோவில் கேட்பவர்களுக்குத்தான் படிகத்தைக் கழற்றி வெளியிலிருந்து சுமார் 25.78 மெகாஹெர்ட்ஸ் கொடுக்கும் வேலை.

புளூட்டோவைத்தான் கவனிக்க வேண்டும். அதன் சொந்தப் படிகம் 2400 மெகாஹெர்ட்ஸில் 60 கிலோஹெர்ட்ஸ் வரை தப்பலாம், அதற்கு 0.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் அரைப் பங்கு) 40 மெகாஹெர்ட்ஸ் டி.சி.எக்ஸ்.ஓ (வெப்பத்துக்கு ஈடுசெய்யும் படிகம்) போடுங்கள். அனுப்புவதோடு 8089.5 கூட்டினால் கேட்பது: 2400.180-ல் அனுப்பினால் 10489.680-ல் வரும், கால் நொடி தாமதமாக. மிகக் குறைந்த பவரில் கேரியர் (குரல் ஏறாத வெற்று அலை) கொடுத்து, இரண்டு பக்கமும் தேடிப் பிடியுங்கள். பிடித்த பிறகு பவரை ஏற்றும்போது பீக்கனின் உயரத்தைத் தாண்டாதீர்கள், தாண்டினால் அளவு மீறலைக் கண்காணிக்கும் லைலா உங்கள் அதிர்வெண் மேலேயே சைரன் போடும்.

கடலோடி (கொழும்பு):

குழாயின் வாயை மூடாமல் விட்டால் மழைக்கு முன் குளவி வந்து கூடு கட்டும், மண் அடைத்தால் பீக்கன் போய்விடும். மெல்லிய பாலிதீன் டப்பா மூடி போதும். கனெக்டர்களுக்குத் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள்.