தீபாவளி பிஸ்கட்டில் கறிவேப்பிலை, நெத்திலி: சேர்க்கலாமா, கூடாதா?

பால்மரத்து நிழல்:
மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் குடியிருப்புப் பெண்கள் சிலர் சேர்ந்து இந்தத் தீபாவளிக்குப் பிஸ்கட் சுட்டு, போத்தலில் அடைத்து விற்கப் போகிறோம். நெய் சூஜி பிஸ்கட், அன்னாசி டார்ட் எல்லாம் ஆளாளுக்குச் செய்கிறார்கள். அதனால் இரண்டு புது வகை யோசித்திருக்கிறோம். கறிவேப்பிலையும் முந்திரியும் போட்டது ஒன்று. பொரித்த நெத்திலியும் காய்ந்த மிளகாயும் போட்டது இன்னொன்று. வீட்டுப் பெரியவர்கள் கேட்டதும் முகம் சுளித்துவிட்டார்கள். உங்கள் கருத்து என்ன? பிடிக்காவிட்டாலும் சொல்லுங்கள், மனம் நோகாது.

அச்சுமுறுக்கு:
நோகாது என்றதால் சொல்கிறேன் மகளே. வேண்டாம்.

தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் இருந்தபோது தீபாவளிக்கு முன்பே இன்று உன் வீட்டுக்கு, நாளை என் வீட்டுக்கு என்று பெண்கள் கூடிக் கூடிப் பலகாரம் சுடுவோம். அச்சு முறுக்குக்கு அரிசியை ஊறவைத்து, இடித்து, சலித்து எடுப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். ஒரு துளி மாவை எண்ணெயில் விட்டுப் பார்ப்போம். அது சட்டென்று மேலே வந்தால்தான் அச்சை இறக்குவது. இறக்கி ஒரு நொடி பிடித்து, மெல்ல உதறினால் பூ மாதிரி கழன்று மிதக்கும். யார் வீட்டில் என்ன சுடுகிறார்கள் என்று வாசத்தை வைத்தே லயம் முழுக்கத் தெரிந்துவிடும்.

தீபாவளிக்கென்று ஒரு ருசி இருக்கிறது. வருடம் ஒருமுறை அதே ருசி வரவேண்டும். அதற்காகத்தான் பிள்ளைகள் கோலாலம்பூரிலிருந்து நெரிசலில் பஸ் பிடித்து வருகிறார்கள். நெத்திலிதான் தினமும் நாசி லெமாக் சோற்றோடு கிடைக்கிறதே.

செம்பனைக்காட்டான்:
அம்மா, மரியாதையோடவே மறுக்கிறேன். நீங்க சொல்ற அச்சு முறுக்குலயே முட்டையும் தேங்காய்ப்பாலும் ஊத்துறோமே? அதையேதான் மலாய்க்காரங்க குவே லோயாங்னு ஹரி ராயாவுக்குச் சுடுறாங்க. கேரளக் கிறிஸ்தவங்க அச்சப்பம்னு கிறிஸ்துமஸுக்குச் சுடுறாங்க. அப்போ இது நம்ம பலகாரம் மட்டும்தானா?

முந்திரி, மிளகாய், அன்னாசி மூணுமே அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. நம்மளை இந்த மண்ணுக்குக் கொண்டு வந்த கித்தாவும், அதான் ரப்பரும், பிரேசில் விதைதான். 1877ல வந்த கன்றுங்கள்ல ஒன்னு பக்கத்துல கோல கங்சார்ல இன்னும் மரமா நிக்குது. ஜப்பான்காரன் காலத்துல அரிசி கிடைக்காம மரவள்ளி மாவுலயே பலகாரம் தட்டினதா எங்க பாட்டி சொல்லுவாங்க. கையில கிடைக்கிறதைப் போட்டுச் சுடுறதுதான் தோட்டத்துச் சமையல். நெத்திலியும் அந்த வரிசைதான்.

அச்சுமுறுக்கு:
மரவள்ளியைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் நிதானம் தம்பி. அந்தக் காலத்தில்தான் நம் தோட்டங்களிலிருந்து ஜப்பான்காரர்கள் போட்ட சயாம் மரண ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடித்துப் போனார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் திரும்பவே இல்லை. வீட்டில் மிஞ்சிய பெண்கள் புதுமைக்காக மரவள்ளியை அரைக்கவில்லை, பிள்ளை பசியில் அழுதது. அரிசி கிடைத்ததும் அரிசி மாவுக்கே திரும்பினார்கள். அவர்கள் பட்டினியை உன் பிஸ்கட்டுக்குச் சாட்சியாக இழுக்காதே.

அச்சு முறுக்கில் முட்டை இருப்பது தின்கிற எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் எடுக்கிறார்கள். பிஸ்கட்டுக்குள் கருவாடு இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

சைவ வீடு:
நானும் இதைத்தான் கேட்க வந்தேன். ஒரு திறந்த இல்ல உபசரிப்பில், பார்க்க சாதாரண வெண்ணெய் பிஸ்கட் மாதிரி இருந்ததை என் மாமியார் எடுத்து வாயில் போட்டார்கள். உள்ளே உலர்ந்த இறால். போத்தலில் சிவப்பு மூடியைத் தவிர எழுத்து எதுவும் இல்லை. வாய் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர்கள், அன்று முழுக்க வேறெதையும் தொடவில்லை. விருந்து கொடுத்தவர்களுக்கும் தர்மசங்கடம்.

புதுமை தாராளமாகச் செய்யுங்கள் சகோதரி. கறிவேப்பிலைக்கு நானே முதல் ஆளாக வாங்குவேன். நெத்திலி போட்டால் மூடி மேலேயே பெரிய எழுத்தில் எழுதுங்கள். இது தயவுக்காகக் கேட்பதல்ல. இந்த நாட்டின் உணவு விதிமுறைகள் 1985, அடைத்து விற்கும் உணவில் மீன், முட்டை, பால், பருப்புக் கொட்டை, கோதுமை போன்றவை இருந்தால் குறிப்பிட வேண்டும் என்கிறது. ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு இது உயிர் விஷயம்.

செம்பனைக்காட்டான்:
எழுதிப் போடுறதுல எனக்கு மறுப்பே இல்லை அக்கா. கண்டிப்பா எழுதணும். அம்மா, பாட்டி கதையை வாதத்துக்காக இழுக்கலை, எனக்கும் அது வலிதான். ஆனா எழுதினதுக்கு அப்புறமும் "கூடாது"ன்னா, அதுக்கு என்ன காரணம்?

ஓவன் சூடு:
நான் பேக்கரியில் வேலை செய்கிறவள். சம்பிரதாயத்தைப் பற்றிப் பெரியவர்கள் பேசட்டும். சேர்க்கிற பொருள் மாவுக்குள் என்ன செய்கிறது என்று யாருமே கேட்கவில்லையே!

கறிவேப்பிலையைப் பச்சையாக நறுக்கிப் போடாதீர்கள். இலையில் தண்ணீர் அதிகம். அன்றைக்கு மொறுமொறு என்று இருக்கும், நம் ஊர் ஈரக்காற்றில் கொஞ்ச நாளிலேயே நமுத்துவிடும். கழுவி, துடைத்து, 100 டிகிரியில் வைத்து, விரலால் நெரித்தால் சலசலவென்று நொறுங்கும்வரை காயவிடுங்கள். தூளாக்கிவிடாமல் கரகரப்பாக நொறுக்கினால் போதும். 250 கிராம் மைதாவுக்கு 150 கிராம் வெண்ணெய், 70 கிராம் ஐசிங் சீனி, ஒரு கைப்பிடி காய்ந்த இலை, வறுத்து உடைத்த முந்திரி, ஒரு சிட்டிகை உப்பு. 160 டிகிரியில் ஓரம் லேசாகச் சிவக்கும்வரை.

நெத்திலி என்றால் தலையும் குடலும் கிள்ளி, கழுவி, நன்றாக உலர்த்திப் பொரித்து, ஆறிய பிறகு ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். உப்பில்லாத வெண்ணெய் வாங்குங்கள், மாவில் தனியாக உப்பே வேண்டாம். சீனியை 30 கிராமுக்குக் குறையுங்கள். இல்லையென்றால் இனிப்பும் கருவாட்டு வாசமும் நாக்கில் சண்டை போடும். இரண்டுக்குமே சொல்கிறேன், முழுக்க ஆறுவதற்கு முன் மூடி போட்டால் ஆவி உள்ளேயே வேர்த்து, பட்ட பாடு வீணாகிவிடும்.

பால்மரத்து நிழல்:
ரொம்ப நன்றி அக்கா. வெண்ணெய் விலைக்கு மார்ஜரின் போட்டால்? நெய்?

செம்பனைக்காட்டான்:
மார்ஜரின் போடுங்க! செம்பனை எண்ணெய்ல செய்றது, சுத்துவட்டாரம் முழுக்க அந்த மரம்தானே. 1917ல கோல சிலாங்கூர் பக்கம் தென்னமரம் தோட்டத்துல வணிகத்துக்குன்னு முதல்ல நட்டாங்க. அப்புறம் கித்தாவை வெட்டி வெட்டி இதுவே ஆயிடுச்சு.

ஓவன் சூடு:
மார்ஜரினில் பிஸ்கட் பரவாமல் வடிவாக நிற்கும், உண்மை. ஆனால் பல வகை மார்ஜரின் வாயில் வெண்ணெய் மாதிரி உருகாது, அண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டும். காசு வாங்கி விற்கிற பொருளில் அதைச் செய்யாதீர்கள். நெய் என்றால் 150 கிராமுக்குப் பதில் 125 கிராம் போதும். வெண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது, நெய்யில் கிட்டத்தட்ட இல்லை. கறிவேப்பிலைக்கு நெய்தான் பொருத்தம் என்பேன்.

அச்சுமுறுக்கு:
காரணம் கேட்டாய் தம்பி. தீபாவளிப் பலகாரம் முதலில் சாமி முன்னால் வைப்பது, அப்புறம்தான் வாய்க்கு. நெத்திலி பிஸ்கட்டை அந்தத் தட்டில் வைப்பாயா?

செம்பனைக்காட்டான்:
முன்னோர் படையல்ல ஆட்டுக்கறியே வைக்கிறோமே அம்மா. எங்க தாத்தாவுக்கு நெத்திலி சம்பல் வைக்காம இலை போட்டதே இல்லை.

அச்சுமுறுக்கு:
அது உன் தாத்தா ஆசைப்பட்டுச் சாப்பிட்டது. சோற்றோடு இலையில் வை, யார் வேண்டாம் என்றது? சாமி தட்டு வேறு, முன்னோர் இலை வேறு. இரண்டையும் கலக்காதே. கறிவேப்பிலைக்கு நெய் என்று அந்தப் பெண் சொன்னது சரியாகப் படுகிறது, அதைத் தட்டில் வைக்க எனக்குத் தடை இல்லை. நெத்திலிக்கு என் பதில் அதேதான்.

பால்மரத்து நிழல்:
முடிவு செய்துவிட்டோம். கறிவேப்பிலை, முந்திரி, நெய் போட்டது தீபாவளிப் போத்தல். முட்டை இல்லை என்று மூடியில் எழுதுவோம். முந்திரி, கோதுமை, பால் இருப்பதையும் எழுதுவோம். நெத்திலி பிஸ்கட் கேட்கிறவர்களுக்கு மட்டும். தனித் தட்டில், எல்லாம் சுட்டு முடித்த பிறகு கடைசியாக, நீல மூடி போட்டு, மீன் படத்தோடு. சைவ வீடு அக்கா, உங்களுக்கு எத்தனை போத்தல்?

சைவ வீடு:
நான்கு. மூடி படம் எடுத்து முதலில் இங்கே போடுங்கள், எழுத்தின் அளவைப் பார்த்துவிட்டுப் பணம் அனுப்புகிறேன்.