த்ரீ நாட் த்ரீ: எங்கே சிக்கும், எங்கே உடையும்

த்ரீ நாட் த்ரீ (.303) என்கிற பழைய லீ-என்ஃபீல்டு துப்பாக்கியில் தோட்டா சிக்கினால் எல்லோரும் மேகசின் (தோட்டாப் பெட்டி) ஸ்பிரிங்கைத்தான் திட்டுவார்கள். பல நேரம் ஸ்பிரிங் மேல் தப்பே இருக்காது. .303 தோட்டாவின் அடி விளிம்பு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய்விட்டால், போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளை) தள்ளும்போது இரண்டும் கொக்கி போட்டுக்கொள்ளும். உதிரியாகப் போடுகிறவர்கள் ஒவ்வொரு தோட்டாவின் விளிம்பும் அதற்கு அடியில் உள்ள தோட்டாவின் விளிம்புக்கு முன்பக்கம் உட்காருகிறதா என்று பார்த்துப் போடணும். சார்ஜர் கிளிப்பில் (தோட்டாக்களைக் கோத்து வைக்கும் தகடு) 5 தோட்டா, விளிம்புகள் மேலும் கீழுமாக மாறி மாறி இருக்கும். கிளிப்பை எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் ஒன்றுதான். கட்டைவிரலை அடிப்பக்கம் வைத்து ஒரே அழுத்து. போல்ட்டை மூடினால் காலி கிளிப் தானே தெறித்துவிடும். இப்படி 2 கிளிப், மொத்தம் 10. மேகசினைக் கழற்றி மாட்டி நிரப்புகிற துப்பாக்கி இல்லை இது. அதைக் கழற்றுவது துடைக்க மட்டும்தான்.

—

கிளிப் விஷயம் சரி சார். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது போல்ட் எண். ரிசீவரில் (போல்ட் ஓடும் உலோக உடல்) பொறித்த எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்கணும். போல்ட்டைப் பூட்டும் காதுகள் (துருத்தல்கள்) இதில் பின்பக்கம். ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் ரிசீவருக்குப் பொருந்தும்படி செய்திருப்பார்கள். வேறு போல்ட் போட்டு, போல்ட் முகத்துக்கும் தோட்டாவின் அடிக்கும் நடுவே இடைவெளி கூடிவிட்டால், பித்தளைக் குப்பி அடிக்குச் சற்று மேலே இழுபட்டு அறுந்து, முன்பாதி சேம்பரிலேயே (பேரலில் தோட்டா உட்காரும் அறை) தங்கிவிடும். நம்பர் 4 மாடலில் இதைச் சரிசெய்ய 0 முதல் 3 வரை எண் போட்ட போல்ட் ஹெட்கள் (போல்ட்டின் முன்தலை) உண்டு. நம்பர் 1 மாடலில் அந்த வசதி கிடையாது.

நம்பர் 4 மார்க் 1 ஸ்டாரில் இன்னொரு தலைவலி. போல்ட்டைக் கழற்றுவதற்காக, போல்ட் ஹெட் ஓடும் தடத்தின் முன்பக்கம் ஒரு வெட்டு விட்டிருப்பார்கள். அதன் ஓரம் சிதைந்தால், வேகமாக இழுக்கும்போது போல்ட் ஹெட் தடத்தை விட்டு எகிறும்.

—

யாரும் மரத்தைப் பற்றிப் பேசவில்லையே! நம்பர் 1 மார்க் 3ல் பட் (தோளில் வைக்கும் பின்கட்டை) ஆடுகிறது என்று பின்மூடியைத் திறந்து நீள ஸ்க்ரூடிரைவரை விட்டுவிடாதீர்கள். அந்தப் பின்கட்டையைப் பிடிக்கிற நீள போல்ட்டின் முனை சதுரம். அது ரிசீவரைத் தாண்டி முன்கட்டைக்குள் ஒரு தகட்டில் உட்கார்ந்திருக்கும். திருகினால் சதுரமும் சேர்ந்து திரும்பி முன்கட்டையைப் பிளந்துவிடும். முன்கட்டையைக் கழற்றிவிட்டுத்தான் அந்த நீள போல்ட்டைத் தொடணும். முன்கட்டையைக் கழற்றும்போதும் அதன் முனையைப் பிடித்து நெம்பாமல் நேராகக் கீழே இறக்குங்கள். பின்னுதையைத் தாங்குகிற மரப்பகுதி ரிசீவரை ஒட்டித்தான் இருக்கிறது. மேற்கு வங்கத்தின் இஷாப்பூரிலிருந்து வந்த துப்பாக்கிகளில் முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகு தெரியும். மரம் பிளக்காமல் இருக்கப் போட்டது, அதைப் பிடுங்க வேண்டாம்.

அப்படியே ஒன்று: இஷாப்பூர் 2ஏ1 பார்க்க இதே சாயல்தான், ஆனால் அதற்கு 7.62 தோட்டா. மேகசின் அடி சதுரமாக, 12 தோட்டா பிடிக்கும்.

—

துரு பற்றி மட்டும் சேர்க்கிறேன். பழைய .303 தோட்டாக்களின் பிரைமர் (அடியில் உள்ள பற்றவைக்கும் மருந்து) எரிந்தால் பேரலுக்குள் உப்பு படியும். எண்ணெய் உப்பைக் கரைக்காது. மேலே பூசி மூடினால் அடியில் அரித்துக்கொண்டே இருக்கும். சேம்பரில் புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றுங்கள், சூட்டிலேயே பேரல் காய்ந்துவிடும். பிறகு காயத் துடைக்க 4க்கு 2 அங்குலத் துணி, எண்ணெய்க்கு அதைவிடச் சின்னது. புல்த்ரூ (பேரல் துடைக்கும் துணியை இழுக்கும்) கயிற்றின் பித்தளைக் குண்டை சேம்பர் வழியாக விட்டு முன்வாயில் நேராக இழுங்கள். சாய்த்து இழுத்த பேரல்களின் வாய் ஓரத்தில் கயிறு அறுத்த பள்ளம் விரல் நகத்துக்கே தட்டுப்படும்.