புதுப்பிப்பு: தூங்க உதவும் ஹிப்னாஸிஸ் ஒலிப்பதிவுகள்

இரவில் தூங்க உதவுகிற, கேட்கவும் சுகமாக இருக்கிற ஹிப்னாஸிஸ் (மனோவசிய) ஒலிப்பதிவு எது என்று இங்கே முன்பு கேட்டிருந்தேன், நீங்கள் சொன்னதையெல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டேன். முதல் விஷயம் குரல்தான். அது பிடிக்கவில்லை என்றால் மற்றதெல்லாம் வீண், அதனால் ஓரிரு நிமிடத்திலேயே முடிவு செய்துவிடலாம்.

எனக்குப் பலன் தந்தவை எல்லாம் ஏறக்குறைய ஒரே வழியில் போகின்றன: கால் விரலில் தொடங்கி நெற்றி வரை ஒவ்வொரு தசையாகத் தளர்த்தச் சொல்லி, அப்புறம் படியிறங்குவது போல மெல்ல எண்ணி, அதன் பிறகுதான் 'உடம்பு கனக்கிறது, கண் சொருகுகிறது' என்று சொல்ல ஆரம்பிக்கின்றன. அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1920களில் வகுத்த தசைத் தளர்த்தல் முறையின் சாயல் இதில் தெரிகிறது, யோக நித்திரை பழகியவர்களுக்கும் இது புதிதாக இருக்காது.

ஒன்றைக் கவனியுங்கள், பல பதிவுகள் கடைசியில் ஐந்து வரை எண்ணி நம்மை எழுப்பிவிடும். பகல் ஓய்வுக்கு அது சரி. இரவுக்கு, எழுப்பாமல் அப்படியே ஓய்ந்துவிடுகிற பதிவைத் தேடுங்கள்.

எல்லோருக்கும் ஒரே அளவு பலிக்காது, ஹிப்னாஸிஸுக்கு ஆட்படும் தன்மை ஆளுக்கு ஆள் மாறும், அதை அளக்கவே 1959இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஓர் அளவுகோல் உருவாக்கினார்கள். வண்டி ஓட்டும்போது மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். தமிழில் நல்ல குரலில் ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள், அம்மாவுக்கும் வேண்டும்.