சிலிக்கா கண்ணாடியில் லேசர் வரையும் கோடுகள்: வழிகாட்டுதல் வேண்டும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பினாங்கில் முதுகலை ஆய்வு மேற்கொண்டுள்ள நான், உருக்கிய சிலிக்கா கண்ணாடிக்குள் மிக மிகக் குறுகிய துடிப்புகளாக ஒளியை உமிழும் பெம்டோநொடி லேசரைக் குவித்து, ஒளியைத் தம் வழியே கடத்தும் கோடுகளான ஒளியலை வழிகளை வரைய முயன்று வருகிறேன். 1996இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் செய்துகாட்டிய முறை இது. இக்கண்ணாடியின் ஆற்றல் இடைவெளி (ஒளியை உட்கவர அதன் எலக்ட்ரானுக்குத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) ஏறத்தாழ 9 எலக்ட்ரான் வோல்ட் என்பதால், ஒரு ஃபோட்டானுக்கு (ஒளித்துகளுக்கு) 1.2 எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே கொண்ட எங்கள் 1030 நானோமீட்டர் ஒளி அதைத் தடையின்றிக் கடந்துவிடும். குவியத்தில் மட்டும் பல ஃபோட்டான்கள் ஒருங்கே உட்கவரப்பட்டு, அச்சிறு புள்ளியின் ஒளிவிலகல் எண் நிலையாக மாறிவிடுகிறது. மேற்பரப்பில் கீறல்கூட விழாமல் உள்ளே மாற்றம் நிகழ்வது இன்றும் என்னை வியக்க வைக்கிறது.

என் சிக்கல் இதுதான். லேசர் துடிப்பின் ஆற்றலைச் சற்றே கூட்டினாலும், ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த இரு போலரைசர்களுக்கிடையே (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டிகள்) கோடுகள் பளிச்சிடுகின்றன. அதாவது, எனக்கு வேண்டாத இரட்டை ஒளிவிலகல் (அதிரும் திசையைப் பொறுத்து ஒளிவிலகல் எண் வேறுபடுவது) தோன்றுகிறது. ஆற்றலைக் குறைத்தாலோ, மாற்றம் போதாமல் வழியிலிருந்து ஒளி கசிகிறது. இது லேசர் கண்ணாடிக்குள் உருவாக்கும் மிக நுண்ணிய வரிசையான நானோ அடுக்குகளின் விளைவா, கண்ணாடியில் தேங்கிய தகைவின் (உள் அழுத்தத்தின்) விளைவா? லேசரின் தளவிளைவுத் திசையை (ஒளி அதிரும் திசையை) திருப்பினால் நானோ அடுக்குகளும் உடன் திரும்பும் என்பதால், அதையே முதலில் சோதிக்கவுள்ளேன்.

துடிப்பின் கால அளவை 300 பெம்டோநொடியிலிருந்து குறைப்பது நல்லதா, அல்லது போரோசிலிகேட் கண்ணாடிக்கு மாறி, நொடிக்குப் பத்து லட்சம் துடிப்புகள் (1 மெகாஹெர்ட்ஸ்) என்ற அளவில் வெப்பம் திரளச் செய்து வரைவது நல்லதா? இவற்றைச் செய்து பார்த்தவர்கள், தாங்கள் பயன்படுத்திய துடிப்பாற்றலையும் வரையும் வேகத்தையும் தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவனாவேன்.