தாளைத் தூக்குகிற அந்த மூன்று விநாடி

நீலமை:
லினோகட் அச்சுப் படங்கள் செய்கிறவன் நான். லினோலியத் தகட்டில் உளியால் செதுக்கி, உருளையால் மை தடவி, மேலே தாளை விரித்துக் கரண்டியின் முதுகால் தேய்த்து எடுப்பது. ஒரு படத்துக்கு இருபது நாள் பிடிக்கும். அந்த இருபது நாளில் சமூக ஊடகத்தில் ஓடுவது ஒன்றே ஒன்றுதான்: கடைசியில் தாளை உரித்துத் தூக்குகிற மூன்று விநாடி.

போன வாரம் ஒரு கூத்து. முதல் அச்சைத் தூக்கிப் பார்த்து, அப்பாடா என்று மூச்சு விட்ட பிறகுதான் போனில் பதிவுப் பொத்தானை அழுத்தவே இல்லை என்று தெரிந்தது. உடனே அதே தாளைத் தகட்டின் மேல் திரும்பப் படுக்கவைத்து, அப்போதுதான் பார்ப்பவன் மாதிரி மறுபடி தூக்கினேன். தாள் இம்மி நகர்ந்து, கோடெல்லாம் இரட்டை இரட்டையாக விழுந்துவிட்டது. நல்ல அச்சு ஒன்று பாழ். ஆனால் இதுவரை நான் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது அந்த வீடியோதான்! கெட்டுப்போன கோடு திரையில் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

இதையாவது சிரித்துவிட்டு விடலாம். செதுக்குவதே மாறிவிட்டதே, அதுதான் உறுத்துகிறது. மெல்லிய கோடுகளை நெருக்கமாக இழைத்தால் போன் திரையில் எல்லாம் கலந்து சாம்பல் திட்டாகத் தெரியும். அதனால் இரண்டு வருஷமாகத் தடித்த கறுப்பு, பளிச்சென்ற வெள்ளை, அவ்வளவுதான். இப்போது மேசை மேல் ஒரு மழைப் படம் பாதியில் கிடக்கிறது, முழுக்க மெல்லிய கோடு. கை தானாகப் பெரிய உளிக்குப் போகிறது. கணக்கையே அழித்துவிடலாமா என்று யோசிக்கிறேன். ஆனால் படம் வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் அங்கிருந்து வந்தவர்கள். நீங்களெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

களிமண்கை:
எங்களுக்கு சக்கரத்தில் மண் எழும்புகிற காட்சி. அதே கதைதான். நான் மாதத்தில் ஒரு நாளை கேமராவுக்கென்றே ஒதுக்கிவிட்டேன். அன்று செய்கிற பானை எதுவும் சூளைக்குப் போகாது, சாயங்காலம் பிசைந்து மண்ணாக்கிவிடுவேன். நீங்கள் பழைய தகடு ஒன்றில் மை உருட்டி, செய்தித்தாளில் அச்செடுத்துத் தூக்குங்களேன். பார்க்கிறவர்களுக்கு வேண்டியது அந்த உரிகிற சத்தம்தானே?

பழையபெட்டி:
அழிக்க வேண்டாம், ஆனால் நம்பவும் வேண்டாம். நான் பாட்டுக்காரன், அதனால் எங்கள் பக்கத்து உதாரணம். மைஸ்பேஸ் தளத்தில் 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட பாடல்கள் சர்வர் மாற்றும்போது அழிந்துபோயின, 2019-ல்தான் விஷயம் வெளியே வந்தது. பிரதி வைத்துக்கொள்ளாதவர்களுக்குப் போனது போனதுதான். படம் போடுகிறவர்கள் கதையும் பெரிதாக வேறில்லை. இன்ஸ்டாகிராம் 2016-ல் பதிவுகளை நேர வரிசையில் காட்டுவதைக் கைவிட்டது, 2020-ல் ரீல்ஸ் வந்தது, 2025-ல் பக்கத்தில் அடுக்கியிருந்த சதுரங்கள் நீளவாக்கில் மாறின. சதுரத்துக்கென்று அளந்து வரைந்தவர்கள் என்ன செய்வார்கள்? வாங்கியவர்களின் மின்னஞ்சல் முகவரியைக் கேட்டு வாங்கி வையுங்கள். அந்தப் பட்டியல் உங்கள் கையிலேயே இருக்கும்.

வெட்டிப்பேச்சு:
கொஞ்சம் முரணாகச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். சந்தை எப்போது கலைஞனை விட்டுவைத்தது? ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் 1830-களில் ஃபுஜி மலையை வைத்து முப்பத்தாறு காட்சிகள் என்று அச்சுப் படம் போட்டார். விற்பனை சூடுபிடித்தது, மேலும் பத்து சேர்த்தார்கள். பெயர் முப்பத்தாறு, படம் 46! அதற்காக யாராவது அவரைக் குறைவாகப் பேசுகிறார்களா? தடித்த கோட்டுக்கு ஆள் இருந்தால் தடித்த கோடு போடுங்கள்.

நீலமை:
@வெட்டிப்பேச்சு ஹொகுசாய்க்கு விற்க ஒரு பதிப்பாளர், செதுக்க ஒருவர், அச்செடுக்க ஒருவர் இருந்தார்கள். அவர் ஒரு கையில் தூரிகையும் ஒரு கையில் போனும் பிடிக்கவில்லை. விற்பதற்காகச் செய்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் பத்து மலை கூடுதலாகப் போட்டார், நான் மழையில் கோட்டைக் குறைக்கிறேன்.

@களிமண்கை செய்தித்தாள் யோசனையை நேற்றே செய்து பார்த்துவிட்டேன். தாள் மெல்லிசு, அதனால் சத்தம் இன்னும் நன்றாக வருகிறது! மழைப் படத்தை முழுசாகப் போடப் போவதில்லை. கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு மூலையை மட்டும் கிட்டத்தில் எடுத்துப் போடுவேன், அதில் கோடு தெரிகிறது. இரவு செதுக்கும்போது போன் அடுத்த அறையில்.

@பழையபெட்டி பட்டியல் தொடங்கியாயிற்று. பதினோரு பேர். அதில் ஒருவர் என் அக்கா.