புதுப்பிப்பு: பழைய டிரெயில் பைக், இன்ஸ்பெக்ஷன்ல ஒருவழியா பாஸ்

போன மாசம் கேட்டிருந்தேன்ல, பின் வீல் ஆடுது, ஹேண்டில் நேரா வரும்போது கடக்னு நிக்குது, முன் பிரேக் புடிச்சா பிரேக் லைட் எரியல, மூணுக்கும் ஃபெயில்னு. பதில் போட்ட எல்லாருக்கும் நன்றிங்க.

ஸ்விங்ஆர்ம் (பின் வீலத் தாங்கற ஃபோர்க்) பேரிங்ல கை வைக்கறதுக்கு முன்னாடி லிங்கேஜப் (ஸ்விங்ஆர்மையும் பின் ஷாக்கையும் இணைக்கற பாகம்) பாருன்னு ஒருத்தர் சொன்னாரே, அதான் சரி. ஸ்விங்ஆர்ம பக்கவாட்டுல ஆட்டினா அசையவே இல்ல, ஆனா வீல மேல தூக்கினா டக்னு ஒரு சத்தம். லிங்கேஜப் பிரிச்சுப் பாத்தா நீடில் பேரிங்ல (ஊசி மாதிரி மெல்லிசான உருளைங்க இருக்கற பேரிங்) கிரீஸே இல்ல, செங்கல் பொடி மாதிரி துரு, ரெண்டு ஊசி கையிலயே உதிர்ந்துச்சு. பேரிங், சீல், புஷ் மூணும் மாத்தியாச்சு. ஹேண்டிலுக்கு அதோட பேரிங் நட்ட லூஸ் பண்ணிப் பாத்தேன், வேலைக்காகல, ரேஸ்லயே (பேரிங் உருளற வளையம்) பள்ளம், அதனால மேல கீழ ரெண்டு பேரிங் செட்டும் புதுசு.

எதிர்பார்க்காதது பிரேக் லைட்டுதான். புது ஸ்விட்ச் போட்டும் எரியல, ஹேண்டில இடது பக்கம் திருப்பினா மட்டும் எரியுது! ஸ்டியரிங் ஹெட் (ஹேண்டில் திரும்பற கழுத்துப் பகுதி) கிட்ட வளையற இடத்துல ஒயர் உள்ளுக்குள்ள அறுந்திருக்கு, மேல உறை நல்லாத்தான் இருக்கு. ஸ்விட்ச் காசு தண்டம். வேற ஒயர் இழுத்து, ஹேண்டில் முழுசா திரும்பினாலும் இழுபடாத மாதிரி கொஞ்சம் தளர்வா கட்டியிருக்கேன்.