புதுப்பிப்பு: மல்லிப்பட்டினம் கரையில் ஒதுங்கிய பச்சை நாடாக்கள் கடற்புல்தான்

தஞ்சை மாவட்டத்து மல்லிப்பட்டினம் கரையில் குவியலாக ஒதுங்குவது கடற்பாசியா, வேறு ஏதாவதா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

“வேர் இருக்கிறதா என்று பாருங்கள்” என்ற யோசனைதான் கைகொடுத்தது. பாசிக்கு வேர் கிடையாது. இதிலோ இலைக்குக் கீழே கணுக்கணுவாக ஒரு தண்டு, அதில் மெல்லிய வேர்கள், வேரில் இன்னும் சேறு. இலை நுனியில் ரம்பம் போலப் பொடிப் பற்கள். சைமோடோசியா செருலேட்டா என்ற கடற்புல், கடலில் வாழும் பாலூட்டியான கடல்பசுவின் தீனி.

எதிர்பாராதது ஒன்று: உதிர்ந்த இலை ஒதுங்குவது இயல்பு, இங்கே நிறைய வேரோடு வந்திருக்கிறது. வலை உலர்த்திய அண்ணன் ஒருவரிடம் காட்டினேன். “வாடைக் காத்துலயும் வரும் தம்பி, விசைப்படகு மடி தரையைச் சுரண்டினாலும் வரும்” என்றார். மடி என்பது கடல் தரையோடு இழுத்துச் செல்லும் வலை. விசைப்படகுகள் கரைக்கு அருகே மீன்பிடிக்கக் கூடாது என்று 1983-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. 2022-இல் தஞ்சை, புதுக்கோட்டை கடலில் 448 சதுர கி.மீ. கடல்பசு பாதுகாப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. புல் போனால் அந்த அறிவிப்புக்கு அர்த்தமே இல்லை.

அப்புறம், வலையில் கடல்பசு சிக்கினால் தாமதிக்காமல் வலையை அறுத்து விடுங்கள். மேலே வந்து மூச்சுவிட முடியாவிட்டால் செத்துவிடும். அப்படி விடுவித்த மீனவர்களுக்கு வனத்துறை பரிசுத்தொகை கொடுத்திருக்கிறது.